நாற்பது முறை மேம்பட்ட கணிப்பொறி

கொடைக்கானலில் ஏர்கண்டிஷன் மாட்டிய ஒரே அறை, மலை வட்டார வீட்டுக் கணிப்பொறி மேம்பாட்டு அலுவலகத்தில்தான் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு டிசம்பரில் மாட்டினார்கள். கணிப்பொறி இருக்கும் அறையில் ஏர்கண்டிஷன் ஓடவேண்டும் என்று மேலிடத்து விதிமுறை சொன்னது. வெளியே புல்லில் உறைபனி கிடக்கிறதா என்று விதிமுறை கேட்கவில்லை. ஆகவே அது ஓடியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் விறைத்துப்போகாமல் இருக்க அதற்கு நேர் கீழே ஒரு கரியடுப்பை மூட்டிவைத்தார்கள். கரியடுப்பு என்று பதிவேட்டில் எழுத வழியில்லாததால் 'வெப்பச் சமநிலைச் சாதனம்' என்று எழுதி, அதை விசிற ஓர் ஆளையும் போட்டார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரவும் என்று வாசலில் பலகை தொங்கியது. இவ்வளவும் இருந்த அந்த அறையில் கணிப்பொறி மட்டும் இல்லை. அது அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் வருவதாக இருந்தது.

அலுவலகத்தின் வேலை என்ன என்று கேட்டால் அங்கே யாரும் தயங்காமல் சொல்வார்கள். கணிப்பொறியை எழுப்பி வேலை வாங்குகிற சரக்குக்கு இயக்க முறை என்று பெயர். மலையில் உள்ள வீட்டுக் கணிப்பொறிகளில் பழைய இயக்க முறையை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றவேண்டும். இதுதான் மேம்பாடு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் நாற்பது கணிப்பொறிகள். நாற்பது என்பது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இலக்கு மழை மாதிரி, மேலேயிருந்து வரும்.

ஜீப்பில் இரண்டு மாதம் கணக்கெடுத்தார்கள். தாண்டிக்குடிக் காப்பித் தோட்டம் ஒன்றில் கணிப்பொறி இருப்பதாகச் சேதி வந்து போய்ப் பார்த்தால் அது கால்குலேட்டர். பூம்பாறையில் ஒருவர் டைப்ரைட்டரைக் காட்டினார். கடைசியில் பழனி மலைத் தொடர் முழுவதற்குமாகச் சேர்த்து ஒரே ஒரு வீட்டுக் கணிப்பொறி அகப்பட்டது.

தனி அலுவலர் வேலுச்சாமி இதைக் கேட்டு அசரவில்லை. அவரை இந்தப் பதவிக்குத் தேடிப்பிடித்துப் போட்டதே இலக்கை எட்டுகிறவர் என்பதற்காகத்தான். கணிப்பொறியை அவர் படத்தில் பார்த்திருந்தார்.

"எழுபத்தாறுல குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்ல இருந்தேன்யா," என்றார் தலைமை எழுத்தர் அருளப்பனிடம். "ஒரு ஊருல எழுபது ஆம்பளைக்குப் பண்ணணும்னு இலக்கு. ஊருல இருந்த ஆம்பளை மொத்தம் அம்பத்திரெண்டு பேரு. எத்தனை முடிச்சேன்ங்கிறீரு? எழுபத்தொண்ணு. ஒரு கணிப்பொறி இருக்குல்ல? அது போதும்."

அந்த ஒரு கணிப்பொறி இராசாத்தி வீட்டில் இருந்தது.

இராசாத்தி மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் ஸ்டோர் கீப்பர். நாற்பத்து நான்கு வயது. எழுபத்திரண்டில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து மலைக்கு அனுப்பப்பட்டவள். புருஷன் வந்த மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். கூடப் பிறந்தது ஒரே தம்பி, சேனாதிபதி. அவன் பெயரைச் சித்தப்பாவின் குடும்ப அட்டையில் எழுதியிருந்ததால் அடுத்த கப்பலில் வரும்படி ஆயிற்று. அடுத்த கப்பலில் வந்தவர்களை எங்கே அனுப்பினார்கள் என்று இராசாத்தி பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கேட்டே அவளிடம் ஒரு பட்டியல் சேர்ந்துவிட்டது. எந்தத் தோட்டம், எந்த லய வீட்டு வரிசை, எந்த வருஷக் கப்பல், இப்போது எந்த ஊர் என்று ஆயிரத்து முந்நூறு குடும்பம். நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்திருந்ததை எண்பத்தைந்தாம் வருஷ மழையில் ஒழுகிய கூரை பாதி கரைத்துவிட்டது. ஹாஸ்டலை விட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்கார டீச்சர் தன் கணிப்பொறியை அவளுக்கே விட்டுப்போனதோடு, அதில் தட்டவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். இராசாத்தி மிச்சம் இருந்த பெயர்களையெல்லாம் ஒரு வருஷம் உட்கார்ந்து ஆங்கில எழுத்தில் ஏற்றினாள். தோட்டத்துப் பெயரைத் தட்டினால் அந்தத் தோட்டத்து ஜனங்கள் வரிசையாகத் திரையில் வந்து நிற்பார்கள். தாண்டிக்குடி எஸ்டேட்டில் கூலிக்குப் போகும் வேலம்மா தன் மகளைக் கூடலூரில் கண்டுபிடித்தது இப்படித்தான். முப்பத்தொரு குடும்பத்தை இராசாத்தி சேர்த்துவைத்திருந்தாள். சேனாதிபதி மட்டும் வரவில்லை.

அவன் பெயரும் ஒரு நாள் வந்தது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி காலையில், தார் ரோடு போடும் கும்பலில் இருந்த பிச்சையா என்கிறவர் விசாரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கர்நாடகத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ரோடு போட்டபோது அங்கே குடிவைத்திருந்த சிலோன் ஆட்களின் பெயரையெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்திருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இராசாத்தி தட்டினாள்.

"அப்பறம் சேனாதிபதின்னு ஒரு ஆளு. மேப்பிரிவு லயத்துப் பெரியண்ணன் மகன். காது மடல்ல ஒரு வெட்டு இருக்கும்."

இராசாத்தியின் கை நின்றது. அந்த வெட்டு அவள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்து விளையாடியபோது பட்டது.

"ஊரு? ஊரு பேரு என்னங்க?"

பிச்சையா ஏதோ ஒரு நீளமான கன்னடப் பெயரைச் சொன்னார். அவள் மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் சொல்ல, எழுத்து எழுத்தாகத் தட்டி, காலனி எண்ணையும் தட்டி, சேமிக்கிற பொத்தானை அழுத்தினாள். அதே நேரம் வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. மேம்படுத்தாத கணிப்பொறி மலையில் ஓடக்கூடாது, ஓடினால் சீல் வைக்கப்படும் என்ற உத்தரவோடு நாலு பேர் இறங்கினார்கள்.

"ஒரு காயிதத்துல எழுதிக்கிறேங்க, ஒரு நிமிசம்," என்றாள் இராசாத்தி.

"எங்கம்மா போயிரப் போகுது? சாயந்தரம் புதுசா வரும்," என்றார் அருளப்பன். ஒருவன் அதற்குள் ஒயரைப் பிடுங்கிவிட்டான். பிச்சையா அதிகாரிகளைக் கண்டதும் பின்பக்கமாக எழுந்து போனவர் போனவர்தான். அவர் கும்பல் மறுநாளே லாரியேறி மலையிறங்கிவிட்டது என்று பின்னால் தெரிந்தது.

சாயந்தரம் கடிதம் எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இராசாத்தி ஜீப்பில் ஏறினாள். பதினாறு வருஷம் பொறுத்தவளுக்குச் சாயந்தரம் வரை பொறுக்க முடியாதா? அவளுக்கு அன்று வாயெல்லாம் பல்லாக இருந்தது. பயனாளி இவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பதை முகாம் அறிக்கையில் தனியாகக் குறித்தார்கள்.

ஏரிக்கரையில் பந்தல் போட்டு, குழாய் ஒலிபெருக்கியில் நாதஸ்வர கேசட் ஓடியது. கணிப்பொறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சம்பங்கி மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் விசைப்பலகையில் தெறித்ததைச் சுபசகுனம் என்றார் வேலுச்சாமி. முதுநிலை அமைப்புப் பொறியாளர் என்று அட்டை குத்தியிருந்த செபாஸ்டின், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். தினக்கூலிக்கு வந்திருந்தான். அவன் பெட்டியின் பழைய பிளாப்பித் தட்டை வாங்கி அருளப்பனிடம் கொடுத்தான். பழையதை ஒப்படைத்தால்தான் புதியது தரலாம் என்பது விதி. டீச்சர் விட்டுப்போன அந்தக் கறுப்புத் தட்டைத்தான் இராசாத்தி தினமும் போட்டுப் பெட்டியை எழுப்புவாள்.

முதல் மேம்பாடு பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இராசாத்திக்கு ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அவள் கணிப்பொறியை எடுத்துக்கொள்ளப் போனாள்.

"எங்கம்மா போறீங்க? இன்னும் முப்பத்தொம்பது இருக்கு," என்றார் வேலுச்சாமி.

அவளுக்குப் புரியவில்லை. பழையதை எடுத்துப் புதியது ஏற்றியாயிற்றே என்றாள்.

"ஏத்தினதை எறக்கி மறுபடி ஏத்துவாங்க. நல்லதை நாப்பது தடவை பண்ணினா கெட்டுப் போயிருமா? சாமியை ஒரே சுத்தோட விட்டுர்றோமா?"

நாற்பது பயனாளிக்கு நாற்பது பெயர் வேண்டியிருந்தது. முகவரி வேண்டியிருந்தது. அதை அருளப்பன் எங்கேயோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் இராசாத்தியை அங்கே நிற்கவிடவில்லை. போட்டோவுக்குப் போட்டோ வேறு ஆளாகத் தெரியவேண்டும் என்று அலுவலகத்தார் சால்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது போட்டோவில் அவளுக்கு மங்கி குல்லா மாட்டினார்கள். கைரேகைக்கு நாலு ஊழியர்கள் பத்துப் பத்து விரலையும் கொடுத்தார்கள். நாலு பத்து நாற்பது.

பதினேழாவது மேம்பாடு பாதியில் இருந்தபோது கரண்டு போயிற்று. கொடைக்கானலில் பங்குனி மாதம் காற்றடித்தால் கரண்டு போகும். இது கைக்குழந்தைக்கும் தெரியும். அரை மணி கழித்து வந்தபோது திரையின் இடது மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. செபாஸ்டின் எதை அழுத்தினாலும் புள்ளி அப்படியே நின்றது.

"சார், பெட்டி போயிருச்சு."

"போட்டோவுல தெரியுதா?" என்று கேட்டார் வேலுச்சாமி.

"போட்டோவுல என்ன சார் தெரியப்போகுது? பெட்டிதான் தெரியும்."

"அப்பறம் என்ன? பதினெட்டைப் போடு."

உயிரோடு இருந்த பெட்டிக்கு ஒரு மேம்பாடு பதினைந்து நிமிஷம் பிடித்தது. செத்த பெட்டிக்கு வெரசாக ஆயிற்று. மீதி இருபத்து மூன்றும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. பொழுது சாய, நாற்பது வாளிகளையும் ஒரு பெட்டியையும் ஜீப்பில் ஏற்றி இராசாத்தியை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவள் வாளிகளுக்கு நடுவே பெட்டியை வைத்து, ஒயரை மாட்டி, புள்ளியைப் பார்த்தாள். ஊர்ப் பெயரை நினைத்துப் பார்த்தாள். முதல் எழுத்து வந்தது. காலனி எண் பதினேழா, இருபத்தேழா என்று குழம்பியது. மற்றதெல்லாம் பெட்டிக்குள் இருந்தது.

தோன்றிய மாதிரியெல்லாம் ஊர்ப் பெயரை எழுதி மூன்று கடிதம் போட்டாள். மூன்றும் சிவப்பு மையில் கோடு வாங்கித் திரும்பி வந்தன.

மறுவாரம் செபாஸ்டின் யாருக்கும் தெரியாமல் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். "உள்ள இருக்கறது உள்ளயேதான்க்கா கெடக்கு. எங்கிட்டும் போகல. பழைய பிளாப்பியைப் போட்டு எழுப்பினா எந்திரிச்சுரும். அஞ்சு நிமிசச் சோலி. அந்தத் தட்டு மட்டும் வேணும்." மதுரைக்குப் போய்க் கேட்டான். அந்த ஜாதித் தட்டு அங்கே இல்லை. டீச்சருக்கு எழுதியதில், அந்தக் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. உலகத்தில் இராசாத்திக்குத் தெரிந்து அந்தத் தட்டு இருந்த ஒரே இடம் அருளப்பனின் கண்ணாடி பீரோ. ஜன்னல் வழியே பார்த்தால் தெரியும். இரண்டாம் அடுக்கில், காகித உறைக்குள் கறுப்பாக இருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றாள்.

"தட்டைத் திருப்பித் தரணும்னா பெட்டி கெட்டிருக்கணும்மா," என்றார் அருளப்பன். கெட்ட மனுஷர் இல்லை. பேசும்போதே அடுப்புப் பக்கம் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். "பதிவேட்டுல பெட்டி கெடல. நாப்பது தடவை நல்லாயிருக்குன்னு போட்டிருக்கு."

"கெட்டுத்தாங்க கெடக்கு. வந்து பாருங்க."

"நாங்க வந்து பார்க்கணும்னா ஆய்வுக் குழு போடணும். அதுக்குத் தோல்விப் படிவம் வேணும். அது அச்சடிக்கல."

"ஏங்க அடிக்கல?"

"தோல்வி வரல, அதனால அடிக்கல."

இப்படி ஒன்பது தடவை நடந்தது. முதல் சில தடவை வீட்டுக்கு வந்து வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். பிறகு அழுகை வரவில்லை. வராததற்காக வருத்தமும் வரவில்லை. பனிக்காலத்தில் வெள்ளனே எழுந்து பாத்திரம் கழுவினால் விரல் ஒரு கட்டத்துக்கு மேல் வலிக்காதல்லவா, அப்படி ஆகிவிட்டது. ஹாஸ்டலில் அரிசி அளந்து போட்டாள், பருப்பு அளந்து போட்டாள், வியாழக்கிழமை வந்தால் அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

பத்தாவது தடவை, வெற்றிப் படிவத்தையே வைத்து ஒரு குழு போட்டு அனுப்பினார்கள். மூன்று பேர். பெட்டியைச் சுற்றிவந்தார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்துச் சூடு இருக்கிறது என்றார். மற்றவர் புள்ளியைப் பார்த்தார்.

"இது மினுக்குதே?"

"அது ஒண்ணுதாங்க வருது," என்றாள் இராசாத்தி.

"மினுக்குதுன்னா உயிர் இருக்குன்னுதானேம்மா அர்த்தம்?"

'முன்பு அதிக எழுத்துகளைக் காட்டி மின்சாரத்தை வீணடித்த கணிப்பொறி, மேம்பாட்டுக்குப் பின் ஒரே புள்ளியில் சிக்கனமாக இயங்குகிறது' என்று சான்றிதழ் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையே, ஏப்ரல் கடைசியிலேயே பீரோக் கண்ணாடிக்கு உட்பக்கமாகப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. தணிக்கைக்காரர்கள் வந்துபோனதாகச் சொன்னார்கள். அதன்பின் ஜன்னல் வழியே தட்டு தெரியவில்லை.

மே மாதம், சீசன் நேரத்தில், நூறு சதவீத இலக்குக்காக வேலுச்சாமிக்குக் கேடயம் கொடுத்தார்கள். சிறந்த பயனாளி என்று இராசாத்தியை மேடையில் உட்காரவைத்தார்கள். அவர் பேசியதை அவள் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

"தோல்விங்கிறது நம்ம அலுவலகத்துல கெடையாது. ஏன் கெடையாது? அதுக்குப் படிவம் இல்ல. படிவம் இல்லாதது நடக்காது. இதை நான் முப்பது வருஷ சர்வீஸ்ல கண்டுபிடிச்சேன். நாங்க மக்களைத் தேடிப் போறோம். மக்கள் எங்களைத் தேடி வர்ற நிலைமையை ஒழிக்கணும்ங்கிறதுதான் என் லட்சியம். இதோ, இந்தம்மா. வியாழக்கிழமை தவறாம வந்து அலுவலகத்தைப் பார்த்துட்டுப் போகுது. எதுக்கு? ஒண்ணும் கேக்கறதுக்கில்ல. நன்றி!"

கைதட்டினார்கள். இராசாத்தியும் தட்டினாள். தட்டிய பிறகுதான் தட்டியதைக் கவனித்தாள்.

ஜூலையில், யாரும் எதிர்பாராமல் காற்று திசை மாறியது. அந்த நிதியாண்டை மீட்பு ஆண்டு என்று மேலிடம் அறிவித்தது. மேம்பாட்டின்போது பழுதான கணிப்பொறிகளைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரவேண்டும். மலை வட்டாரத்துக்கு இலக்கு நாற்பது.

அன்று மத்தியானமே ஜீப் வந்தது. வேலுச்சாமியே இறங்கி வந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே வரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"உங்க பெட்டி கெட்டுப் போச்சாமே? ஏம்மா இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல?" என்றார். குரலில் நிஜமான மனத்தாங்கல் இருந்தது. "தோல்விப் படிவம் நாப்பதும் அச்சடிச்சு வந்துருச்சு. வாங்க, பழைய தட்டை வாங்கிக்கங்க. இன்னைக்கே மீட்டுருவோம்."

இராசாத்தி கதவைப் பூட்ட மறந்து ஜீப்பில் ஏறினாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தோஷம் என்று சொல்லப் பயந்து, குளிர் என்று நினைத்துக்கொண்டாள். செபாஸ்டினும் சாமான் பையோடு பின்னால் உட்கார்ந்திருந்தான். பெட்டியை மடியில் வைத்திருந்தான்.

அலுவலகத்தில் செருப்பைக் கழற்றினார்கள். அருளப்பன் பீரோவைத் திறந்தார். ஆனால் தட்டை எடுக்கவில்லை. பழுப்பு உறைகளாக எடுத்து மேஜையில் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் அரக்கு முத்திரை, ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

"நாப்பது இருக்கு. எண்ணிக்கங்கம்மா."

இராசாத்தி முதல் உறையைப் பிரித்தாள். நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு துண்டு விழுந்தது. இரண்டாவதிலும் ஒரு துண்டு.

"என்னங்க இது?"

"தட்டுதாம்மா," என்றார் அருளப்பன். அவளைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். "தணிக்கைக்காரரு, நாப்பது பேரு ஒப்படைச்ச பழைய தட்டு எங்கன்னு கேட்டாரு. பதிவேட்டுல நாப்பது உருப்படி. பீரோவுல ஒரு உருப்படி. நான் என்ன செய்ய? அளவா வெட்டி உறையில போட்டு நம்பர் போட்டோம். கணக்கு நேராயிருச்சு. ஒரு துண்டுகூடக் குறையல, நானே கூட இருந்து பார்த்தேன்."

செபாஸ்டின் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தான். வேலுச்சாமி மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். போட்டோக்காரனைக் கூப்பிட்டு, சால்வைகளைக் கொண்டுவரச் சொன்னார்.

"அதெல்லாம் வேணாம் சார்," என்றான் செபாஸ்டின். "இனி இந்தப் பெட்டி எந்திரிக்காது."

"எந்திரிக்கணும்னு எங்கேய்யா போட்டிருக்கு? பழைய தட்டை ஒப்படைச்சா மீட்புன்னு போட்டிருக்கு. ஒப்படைச்சாச்சு. கையெழுத்து வாங்குங்க அருளப்பன்."

அருளப்பன் மேம்பாட்டுப் பதிவேட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். நாற்பது வரி. ஒவ்வொரு பயனாளிக்கும் எதிரே, அவருக்காகத் தட்டைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். இராசாத்தி பேனாவை வாங்கினாள். மறுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுகிற இடம் மரத்துப்போயிருந்தது. ஒன்று போட்டாள், இரண்டு போட்டாள். ஏழாவது வரியில்தான் பெயரைப் பார்த்தாள். தெரிந்த பெயராக இருந்தது. எட்டாவதும் தெரிந்த பெயர். எல்லாமே அவள் பட்டியல் பெயர்கள். கையெழுத்துப் போட்டபடியே அவள் விரல் வரிவரியாக இறங்கி இருபத்து மூன்றாவது வரியில் நின்றது.

'பயனாளி எண் 23. சேனாதிபதி, த/பெ பெரியண்ணன். பூம்பாறை. கணிப்பொறி ஒன்று. நிலை: நலம். வாளி பெற்றுக்கொண்டார்.' எதிரே யாருடைய விரலோ பதிந்த நீலக் கைரேகை.

"இந்தப் பேரு ஏதுங்க?" என்று கேட்டாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அன்னைக்கு உங்க பெட்டியிலதாம்மா தெரிஞ்சுச்சு. நாப்பது பேருக்கு நான் எங்க போக? கடைசியா இருந்த நாப்பதை எழுதிக்கிட்டேன்."

"வெலாசம்?"

"அதுவும் இருந்துச்சு. கர்நாடகாவுல எங்கிட்டோ. நம்ம எல்லைக்குள்ள இருக்கறவங்கதானே பயனாளியா வரமுடியும்? அதனால பூம்பாறைன்னு மாத்திட்டேன்."

"அந்த ஊரு பேரு ஞாபகம் இருக்காங்க?"

அருளப்பன் கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தார். அவ்வளவு யோசித்து அவரை அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. வெளியே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்துக்கொண்டது. விசிறுகிற ஆள்கூட விசிறியை நிறுத்தினான்.

"வாயில நுழையாத பேரும்மா," என்றார் கடைசியில். "அடிச்சுத் திருத்தக்கூடாதுன்னு விதி. அதனால நேரா பூம்பாறைன்னே எழுதிட்டேன். யாரும்மா அது? தெரிஞ்ச ஆளா?"

இராசாத்தி பேனாவை மறுபடி எடுத்தாள். இருபத்து மூன்றாவது வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். மற்றக் கையெழுத்துகளைவிட அது கொஞ்சம் நிதானமாக விழுந்திருந்தது. பிறகு மிச்சப் பதினேழையும் போட்டாள். உறைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். செபாஸ்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வந்தான். வாசலில் வைத்துவிட்டு, "அக்கா, நான் அன்னைக்கே கையை எடுத்துருக்கணும்," என்றான். "அதுக்கு உனக்குப் படிவம் ஏதுப்பா?" என்றாள் அவள். கேலியாகச் சொன்னாளா, சாதாரணமாகத்தான் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளனே எழுந்து, ஹாஸ்டலுக்கு லீவு சொல்லி அனுப்பினாள். அடுக்கியிருந்த வாளிகளை ஒவ்வொன்றாக எண்ணி இருபத்து மூன்றாவதை எடுத்தாள். துடைத்தாள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு பாக்கெட் வர்க்கி ரொட்டியையும் கால் கிலோ சீனியையும் அதில் வைத்துத் துணியால் மூடினாள்.

பூம்பாறை பஸ்ஸில் கூட்டமில்லை. பூண்டு ஏற்றப் போகும் காலிச் சாக்குகள்தான் அதிகம். அது பொய் விலாசம் என்று அவளுக்குத் தெரியும். எழுதியவரே வாயால் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் அவள். ஆனாலும் பதினாறு வருஷத்தில் தம்பி இருக்கும் ஊர் என்று வேறொருவர் எழுதி அவள் பார்த்தது அந்த ஒரு ஊர்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் அவளுக்குத் தெரிந்தவர். "என்னக்கா, வாளியும் கையுமா? பூம்பாறையில யாரு இருக்கா?"

"தம்பி."

"தம்பியா? இத்தனை வருஷத்துல சொன்னதேயில்லையே."

"எனக்கே நேத்துத்தான் தெரியும்," என்றாள் இராசாத்தி. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார்.